மொழிக் கல்வி ஆய்வு: விலைக்கு வாங்க வேண்டாம், இலவசமாகவே கிடைக்கிறது



காவேரிப்பாக்கத்தில் அஸர் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது ஒரு தகப்பனார் என்னை நிறுத்தினார். "ஹஜ்ரத், மகள் எம்.எட். படிக்கிறாள். ஆய்வறிக்கை எழுதித் தர ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?" என்றார். டேனரிக் கூலியில் மகளைப் படிக்க வைப்பவர். "வேண்டாம் பாய், பிள்ளையே எழுதட்டும்" என்றேன். "புத்தகத்துக்கு எங்கே போவாள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

தலைப்பு அவர் வீட்டிலேயே இருக்கிறது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பகுதிகளில் நம் பிள்ளைகள் பலர் வீட்டில் உருது, மக்தபில் அரபி, பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் என்று வளர்கிறார்கள். 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. உருது பேசும் பிள்ளை தமிழ் வாசிப்பில் எங்கே தடுமாறுகிறது என்பதை நம் வீட்டுப் பெண்கள் ஆராயாமல் வேறு யார் ஆராய்வது?

கைப்பேசியிலேயே தேடக்கூடிய, பணம் கேட்காத மூன்று இடங்கள்:

1. ஈகியான்கோஷ்: இக்னோ பல்கலைக்கழகத்தின் பாடநூல்கள் இங்கே உள்ளன. ஆய்வு வகைகள், மாதிரித் தேர்வு, வினாநிரல், புள்ளியியல் ஆகியவற்றின் அடிப்படையை முதலில் இங்கே படியுங்கள்.

2. சோத்கங்கா: காந்திநகரிலுள்ள இன்ஃப்லிப்நெட் மையம் நடத்துவது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் அத்தியாயம் வாரியாகக் கிடைக்கும். ஆய்வு முறை அத்தியாயத்தை முதலில் திறங்கள். கல்வியியல் ஆய்வேடுகளில் பெரும்பாலும் அது மூன்றாவதாக இருக்கும். எத்தனை மாணவர்கள், அவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று பாருங்கள். பின்னிணைப்பில் வினாநிரலும் இருக்கலாம்.

3. எரிக்: அமெரிக்கக் கல்வித் துறையின் ஆய்வுக் களஞ்சியம். ஆங்கிலத்தில் 'செகண்ட் லாங்குவேஜ் லேர்னிங்', 'ஆக்‌ஷன் ரிசர்ச்' என்று தேடுங்கள். முழுக் கட்டுரை உள்ளவை, வல்லுநர் சரிபார்த்தவை என்ற இரு தேர்வுகளையும் சொடுக்கினால் குப்பை குறையும்.

கிடைத்ததையெல்லாம் அப்படியே நம்பிவிடக் கூடாது. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் வரிசையைப் பார்க்காமல் ஒரு செய்தியை ஏற்பதில்லை அல்லவா? அதுபோல, எழுதியவர் யார், எந்த ஆண்டு, எத்தனை பேரிடம் கேட்டார், யார் சரிபார்த்தார் என்று பாருங்கள். பணம் கட்டினால் இரண்டே நாளில் வெளியிடுகிறோம் என்னும் இதழ்களை ஒதுக்குங்கள்.

படித்ததைச் சொந்த நடையில் எழுதி, எடுத்த இடத்தைக் குறிப்பிடுங்கள். யுஜிசியின் 2018 விதிகளின்படி, பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதத்தைத் தாண்டினால் ஆய்வேட்டைத் திருத்தித் தர வேண்டும். 60 சதவீதத்தைத் தாண்டினால் மாணவரின் பதிவே ரத்தாகும். விலைக்கு வாங்கும் அறிக்கை எங்கிருந்து வெட்டி ஒட்டப்பட்டது என்பது வாங்கியவருக்குத் தெரியாது. தண்டனையோ பிள்ளைக்கு.

கடைசியாக ஒன்று: சிறு பிள்ளைகளிடம் கேள்வி கேட்கும் முன் பெற்றோரிடமும் பள்ளியிடமும் அனுமதி வாங்குங்கள், பெயரை வெளியிடாதீர்கள். அவர்கள் சொன்னது உங்களிடம் உள்ள அமானிதம்.

பெற்றோரே, எழுதித் தருபவருக்குக் கொடுக்க எடுத்து வைத்த பணம் பிள்ளையின் இணையச் செலவுக்கும் பள்ளிகளுக்குப் போய்வரும் பேருந்துக் கட்டணத்துக்கும் ஆகட்டும். அவள் பெறும் பட்டம், இன்ஷா அல்லாஹ், அவள் உழைப்பில் வந்ததாக இருக்கும்.