அச்சு தாங்கும் எடை

மயிற்பீலி ஏற்றிய வண்டியேயாயினும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்பது வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் தந்த எச்சரிக்கை. காரின் பின்னே இணைத்து இழுக்கும் சிறு பயண டிரெய்லருக்கும் இது பொருந்தும். மேனாடுகளில் நெடுநாள் வழக்கிலுள்ள இவ்வண்டியை நம் நாட்டிலும் சிலர் கைக்கொண்டுள்ளனர். ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து சென்னை 600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. மனைவி மக்களுடன் அவ்வழி செல்ல எண்ணுவோர், புறப்படுமுன் வண்டியின் வலுவை அறிதல் இன்றியமையாதது.

ரயில்வே சரக்கு வாகனின் பக்கத்தில் வெற்று எடையும் ஏற்றத்தக்க எடையும் எழுதப்பட்டிருப்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். பாக்ஸ்-என் வாகனுக்கு அச்சுகள் 4. அச்சொன்றுக்கு 20.32 டன் வீதம் மொத்தம் 81.28 டன் என்பது அதற்கு முதலில் வகுத்த அளவு. டிரெய்லருக்கும் கணக்கு இதுவே. அச்சு, கமான் பட்டை, டயர் ஆகியவற்றுள் எது மிகக் குறைவாகத் தாங்குமோ, அதுவே வண்டியின் எல்லை.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். அச்சு 800 கிலோவும், கமான் ஒவ்வொன்றும் 400 கிலோவும், டயர் ஒவ்வொன்றும் 500 கிலோவும் தாங்குவன எனக் கொள்வோம். வெற்று வண்டி 550, தண்ணீர் 60, எரிவாயு உருளை 30, அரிசி 25, படுக்கையும் பாத்திரங்களும் 120. ஆக 785 கிலோ. இதில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு, அதாவது 80 கிலோ, காரின் கொக்கியில் அமர்ந்தால், அச்சின்மேல் நிற்பது 705 கிலோ. அச்சு தாங்கும். ஆனால் தண்ணீர்த் தொட்டியும் அடுக்களையும் இடப்புறமே அமைந்து, அப்பக்கம் 420 கிலோவும் வலப்பக்கம் 285 கிலோவும் ஆகிவிட்டால், இடக் கமான் அளவு மீறிவிடும். மொத்த எடை மட்டும் பார்ப்போர் இதனை அறியார்.

ஆகவே, பொருள்களை ஏற்றியபின் எடைமேடைக்குச் செல்க. காருடன் இணைத்தபடியே டிரெய்லரின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தினால் அச்சின் சுமை தெரியும். ஒரு சக்கரத்தை மட்டும் நிறுத்தினால் அப்பக்கச் சுமை தெரியும். காரை விடுத்து டிரெய்லர் முழுவதையும் நிறுத்தினால் மொத்த எடை தெரியும். மொத்த எடைக்கும் அச்சுச் சுமைக்கும் உள்ள வேறுபாடே கொக்கியின் சுமை. அது காருக்குரிய அளவைக் கடத்தலாகாது.

பின்னர்க் கமானைக் குனிந்து பார்க்க வேண்டும். பட்டையில் விரிசல் உண்டா? யூ போல்ட்டுகள் இறுக்கமாக உள்ளனவா? புஷ் தேய்ந்ததா? சமதரையில் இருபுற உயரமும் ஒத்துள்ளதா? டயரின் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அச்சு வளைந்திருக்கக் கூடும்.

வண்டி தாழ்ந்தால் கமானில் இன்னொரு பட்டை சேர்ப்பது சிலர் வழக்கம். அதனால் வண்டி நிமிரும். அச்சின் வலு ஓர் இம்மியும் ஏறாது. சுமையைக் குறைப்பதே பரிகாரம். ஊரிலும் அரிசி கிடைக்கும், தண்ணீர் கிடைக்கும். நெடுஞ்சாலையின் நள்ளிரவில் முறிந்த அச்சுக்கு மாற்று எளிதில் கிடைப்பதன்று என்பதை நம்மவர் மறவாதிருப்பாராக.