பர்மிட் இல்லைன்னா அடுத்து எங்கே?



நம்ம காவேரிப்பட்டினம் பஸ் ஸ்டாண்டுக்கு வரும் தனியார் பஸ்களை முதலாளி நினைத்த வழியில் எல்லாம் ஓட்ட முடியாது. அதற்கு பர்மிட் வேண்டும். ஓசூர் கம்பெனிக்கு ஷிப்ட் போகும் எங்க சித்தப்பாவுக்கும், பள்ளிக்கு வரும் நமக்கும் பஸ் உண்டா இல்லையா என்பது அந்தத் தாளில்தான் இருக்கிறது. அதனால் இதைப் பற்றிப் படித்து எழுதுகிறேன்.

பர்மிட் கேட்டு வட்டாரப் போக்குவரத்து ஆணையத்திடம் மனு கொடுக்க வேண்டும். கிடைத்தால் 5 ஆண்டு செல்லும். ஆணையம் மறுக்கவும் செய்யலாம். ஆனா சும்மா "முடியாது, போ"ன்னு அனுப்பிட முடியாது. மனு கொடுத்தவர் சொல்வதைக் கேட்க வேண்டும், காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம்.

காரணம் தப்பாக இருந்தால்? மறுத்தவரிடமே திரும்பப் போவதில் பயன் இல்லை. கபடியில் ஒரு டீம் கேப்டனே நடுவராக நின்றால் நாம ஒத்துக்குவோமா? அதற்காகத்தான் சென்னையில் மாநிலப் போக்குவரத்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. மாவட்ட நீதிபதி தகுதிக்குக் குறையாத ஒருவர் அங்கே விசாரிப்பார். பர்மிட் மறுப்பு, ரத்து, புதுப்பிக்க மறுப்பு எல்லாவற்றுக்கும் அங்கே அப்பீல் செய்யலாம்.

நம்ம பக்கத்துக்கு இன்னொரு விஷயமும் உண்டு. ஓசூர் தாண்டினால் கர்நாடகம். ஒரு மாநில பர்மிட் அடுத்த மாநிலத்தில் செல்ல, பொதுவாக அந்த மாநிலமும் மேலொப்பம் போட வேண்டும். அதை மறுத்தாலும் அப்பீல் உண்டு.

எது சரியான காரணம் என்பதிலும் சண்டை வந்திருக்கிறது. ஏற்கெனவே பஸ் ஓட்டுபவர்கள், புதியவர்களுக்கு பர்மிட் தருவதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1991-ல் மிதிலேஷ் கார்க் வழக்கில் அவர்கள் கோரிக்கை தள்ளுபடி ஆனது. போட்டி இருந்தால் பயணிகளுக்குத்தானே லாபம்!

தீர்ப்பாயம் சொன்னதும் கடைசி வார்த்தை இல்லை. உயர் நீதிமன்றம் அதை ஆராயலாம் என்று 1997-ல் சந்திரகுமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது.

எனக்கு இதில் பெரிசாகப் பட்டது அந்த ஒரு தாள்தான். காரணம் எழுத்தில் இல்லாவிட்டால் மேலே இருப்பவர் எதை வைத்து சரி தப்பு பார்ப்பார்? ஆகவே நண்பர்களே, நம் வீட்டார் மனு கொடுத்து "இல்லை" என்ற பதில் வந்தால், வாயால் கேட்டுவிட்டுத் திரும்ப விடாதீர்கள். காரணத்தை எழுதி வாங்கச் சொல்லுங்கள். அப்பீலுக்கு எத்தனை நாள் கெடு என்றும் கேட்கச் சொல்லுங்கள். கெடு தாண்டினால் நியாயம் இருந்தும் கஷ்டம்.