கண்முன்னே வார்க்கப்படும் பதுமை

கண்காட்சி பார்த்துத் திரும்புவோர் வாங்கிவரும் ஞாபகப்பொருள், பெரும்பாலும் எங்கோ ஓர் ஆலையில் ஆயிரக்கணக்கிற் செய்யப்பட்டுப் பெட்டியில் அடைபட்டு வந்ததாகவே இருக்கும். வாங்குபவரின் கண்முன்னேயே, அவருக்கென்றே ஒரு பதுமையை வார்த்துக் கொடுக்கும் இயந்திரம் ஐக்கிய அமெரிக்காவிலே தோன்றியது. அதன் பெயர் 'மோல்ட்-ஏ-ராமா'.

அதற்கு வித்திட்டது ஒரு வீட்டின் சிறு குறையே. இலினோய் மாநிலத்துக் குவின்சி நகரில் வாழ்ந்த ஜே. எச். மில்லர் என்பாருக்கு, 1930களின் பிற்பகுதியில், பாலன் குடிலில் வைக்கும் உருவம் ஒன்று தேவைப்பட்டது. கடைகளோ முழுத் தொகுதியாகவன்றித் தனியுருவம் விற்கவில்லை. எனவே மில்லர் தாமே வார்க்கத் தொடங்கினார். முதலிற் சாந்தினாலும் பின்னர் பிளாஸ்டிக்கினாலும் உருவங்கள் செய்தார். 1959இல் அவருடைய நிறுவனம் நொடித்துப்போயிற்று. ஆயினும் அவர் கண்ட முறை அழியவில்லை. அது தானியங்கி இயந்திரமாகி, 1962இல் சியாற்றில் உலகக் கண்காட்சியில் மக்கள்முன் வந்தது. 1964இலும் 1965இலும் நடைபெற்ற நியூயோர்க் கண்காட்சியில், சிங்கிளேயர் எண்ணெய்க் கம்பனியின் மண்டபத்திலே டைனோசர் உருவங்களை வார்த்துக் கொடுத்துச் சிறுவர்களின் உள்ளத்தைக் கவர்ந்தது.

அது தொழிற்படும் விதம் கண்ணாரக் காணத்தக்கது. மேலே குமிழ்போன்ற ஒளிபுகும் மூடி. அதனுள்ளே உலோக அச்சின் இரு பாதிகள். நாணயத்தை இட்டதும் அவை நெருங்கி வந்து இறுகப் பொருந்துகின்றன. கீழேயுள்ள கலத்தில் உருகி நிற்கும் பொலிஎதிலீன் அச்சினுள் ஏற்றப்படுகிறது. அச்சினூடே குளிர்திரவம் ஓடுவதால், சுவரையொட்டிய பிளாஸ்டிக் முதலில் இறுகுகிறது. நடுவில் இறுகாது எஞ்சியதை, உள்ளே செலுத்தப்படும் காற்று கலத்துக்கே திருப்பி அனுப்புகிறது. ஆகையாற் பதுமை உள்ளீடற்றதாய், குறைந்த செலவில் முடிகிறது. ஒரு நிமிட அளவில் அச்சு பிளக்க, பதுமை வாயிலில் வந்து விழும். அப்பொழுதும் அது சூடாகவே இருக்கும். உருகிய மெழுகை ஒத்த மணமும் வீசும். ஆறும்வரை தலைகீழாகப் பிடித்திருப்பது நன்று. இந்த இளஞ்சூட்டுக்காகவே அதனை வாங்கியவர் பலர் என்றால் மிகையாகாது.

1970களின் தொடக்கத்தில், இவ்வியந்திரங்களை நடத்திய பெருநிறுவனம் அவற்றைத் தனியாருக்கு விற்றுவிட்டது. அவை மறையாது நின்றமைக்குக் காரணம், இலினோயிலும் புளோரிடாவிலும் சில குடும்பத்தார் இத்தொழிலைக் கைவிடாமையே. சிக்காகோவை அடுத்த புரூக்பீல்ட் மிருகக்காட்சிச்சாலை, மிசிகன் மாநிலத்து ஹென்றி போர்ட் அரும்பொருளகம் முதலிய இடங்களில், 1960களிற் செய்யப்பட்ட பொறிகளே பிற்காலத்திலும் பதுமை வார்த்து வந்தன. அவற்றில் ஓர் உறுப்புத் தேய்ந்தால் மாற்றுறுப்பு கடையில் அகப்படுவது அரிது. பராமரிப்போர் தாமே கடைந்து பொருத்தவேண்டியதாகிறது, மில்லர் தம் குடிலுக்கு உருவம் வார்த்ததுபோல.