பழைய கப்பல், அதே நதி

மும்பை மாட்டுங்காவில் நான் பணியாற்றிய கிளைக்கு, மாதம் தவறாமல் வரும் ஓய்வுபெற்ற தம்பதியர் இருந்தனர். கணவர் ரயில்வே கணக்குப் பிரிவில் பணிபுரிந்தவர். மனைவி 31 ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்தவர். ஒருநாள் அவர் இரண்டு விளம்பரத் தாள்களை என் மேசைமீது வைத்தார். இரண்டும் எகிப்தின் நைல் நதியில் கப்பல் பயணம் பற்றியவை. லக்ஸரில் ஏறி அஸ்வானில் இறங்கும் 4 இரவுப் பயணம். அதே கோயில்கள், அதே படித்துறைகள். ஆயினும் ஒன்றின் கட்டணம் மற்றதில் ஏறக்குறைய பாதி.

“இவள் நைல் நதியைக் கரும்பலகையில் வரைந்து வரைந்தே ஓய்வு பெற்றுவிட்டாள், சார். ஒருமுறையாவது நேரில் காட்ட வேண்டும். பாதி விலைக் கப்பல் மிகவும் பழையதாம், யோசனையாக இருக்கிறது. நிரந்தர வைப்பை முடித்துக்கொண்டு நல்ல கப்பலிலேயே போய்விடலாமா?” என்று கேட்டார்.

வைப்பு முதிர்வடைய இன்னும் 14 மாதங்கள் இருந்தன. ஒரு வங்கி அதிகாரி சொல்ல வேண்டியதைச் சொன்னேன். முன்கூட்டியே முடித்தால் வட்டி குறையும். மருத்துவச் செலவுக்கென்று ஒதுக்கிய தொகையைத் தொட வேண்டாம். அவர் தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அம்மையார் எதுவும் பேசவில்லை. வைப்பைக் காப்பாற்றிவிட்ட நிறைவு எனக்கு அன்று மாலைவரைகூட நீடிக்கவில்லை. அவர் உண்மையில் கேட்டது வேறு கேள்வி: பாதி விலைக் கப்பலில் நம்பிப் போகலாமா? அதற்கு என்னிடம் விடை இல்லை.

2025ஆம் ஆண்டு ஏப்ரலில், ஆண்டுக் கணக்கு முடிப்பு வேலைகள் ஓய்ந்த பிறகு, மனைவியோடும் மகனோடும் அப்படிப்பட்ட ஒரு கப்பலில் நானே பயணம் செய்தேன். இக்கட்டுரை அந்தக் கேள்விக்குத் தாமதமாகக் கிடைத்த விடை.

கட்டணம் ஏன் பாதி?

வணிகவியல் படித்தவர்களுக்கு இதன் முதல் காரணம் எளிதில் விளங்கும். அது தேய்மானம். நைலில் இன்று ஓடும் சுற்றுலாக் கப்பல்களில் பல 1980களிலும் 1990களிலும் கட்டப்பட்டவை. கப்பலுக்குப் போட்ட முதலை உரிமையாளர் பல ஆண்டுகளுக்கு முன்பே மீட்டிருப்பார். புதிய கப்பலின் கட்டணத்தில் கடன் தவணையும் வட்டியும் அடங்கியிருக்கும்; பழைய கப்பலுக்கு அந்தச் சுமை இல்லை. சிறிய அறைகள், பால்கனி இல்லாத சன்னல், பழைய மரச்சாமான்கள் ஆகியவை கட்டணத்தை மேலும் குறைக்கின்றன.

இரண்டாவது காரணம் பருவம். அக்டோபர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை எகிப்தில் இதமான காலம். கூட்டமும் கட்டணமும் கூடுதல். அதன் பிறகு வெயில் ஏற ஏறக் கட்டணம் இறங்கும். கோடையில் அஸ்வானில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம்.

இவ்விரண்டும் நேர்மையான காரணங்கள். மூன்றாவதாக ஒன்று உண்டு, அதுவே ஆபத்தானது. பராமரிப்பைக் குறைத்து அதன் வழியே கட்டணத்தைக் குறைப்பது. பழையது வேறு, பராமரிப்பற்றது வேறு. 1920களில் கட்டப்பட்ட ‘சூடான்’ என்னும் நீராவிக் கப்பல் இன்றும் லக்ஸருக்கும் அஸ்வானுக்கும் இடையே ஓடுகிறது. அதன் கட்டணம் புதிய கப்பல்கள் பலவற்றின் கட்டணத்தைவிட அதிகம். எனவே கப்பலின் வயதைக் கேட்பதைவிட, கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று கேட்பதே பயன் தரும்.

கப்பலில் கண்டவை

எங்கள் பயணத்தின் முதல் பாடம் லக்ஸர் துறையிலேயே கிடைத்தது. பயணத் தாளில் எழுதியிருந்த கப்பல் அங்கே இல்லை. வேறொரு கப்பலில் ஏற்றினார்கள். முகவரிடம் தொலைபேசியில் வாதாடினேன். “தாளின் அடியில் பாருங்கள்” என்றார். ‘அல்லது அதற்கு இணையான கப்பல்’ என்று சிறிய எழுத்தில் அச்சாகியிருந்தது. நாள்தோறும் வாடிக்கையாளர்களிடம் “படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்” என்று சொல்லும் நான், அந்த வரியைப் படிக்காமலே பணம் கட்டியிருந்தேன்.

எங்களுக்குக் கிடைத்தது கீழ்த்தளத்தின் பின்பகுதி அறை. சன்னலுக்குச் சற்றுக் கீழே தண்ணீர், பின்னால் எஞ்சின். இரவெல்லாம் ஓர் அதிர்வு கட்டிலில் இருந்துகொண்டே இருந்தது. நைல் துறைகளில் கப்பல்களை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நெருக்கிக் கட்டுவது வழக்கம். காலையில் திரையை விலக்கினால் நதி தெரியவில்லை. அடுத்த கப்பலின் சன்னல்தான் தெரிந்தது. கரையேற வேண்டுமென்றால் நடுவில் நிற்கும் கப்பல்களின் கூடங்கள் வழியாக நடந்தே செல்ல வேண்டும். லிஃப்ட் கிடையாது. இளையவர்களுக்கு இவையெல்லாம் வேடிக்கை. மூட்டுவலி உள்ளவர்களுக்கு வேடிக்கையல்ல.

ஆனால் பயணம் தொடங்கியதும் ஒன்றைக் கவனித்தேன். அறையில் நாங்கள் உறங்கும் நேரம் மட்டுமே இருந்தோம். வெயிலுக்கு அஞ்சி விடியற்காலையிலேயே கோயில்களுக்கு அழைத்துச் சென்றுவிடுவார்கள். கர்னாக் கோயிலின் தூண் மண்டபமும் அரசர்களின் பள்ளத்தாக்கும், விலை உயர்ந்த கப்பலில் வந்தவருக்கு ஒருவிதமாகவும் எங்களுக்கு வேறுவிதமாகவும் தெரியவில்லை.

நைல் வடக்கு நோக்கிப் பாய்வது. லக்ஸரிலிருந்து அஸ்வானுக்குச் செல்வது எதிரோட்டப் பயணம். வழியில் எஸ்னாவில் ஓர் அணை இருக்கிறது. அங்கே கப்பல் நீர்ப்பூட்டுக்குள் நுழைந்ததும் கதவு மூடப்படும். தண்ணீர் நிரம்ப நிரம்பக் கப்பல் மாடியேறுவதுபோல் மேலே வரும். முறை வருவதற்குப் பல மணி நேரம் காத்திருக்க நேரிடலாம். அந்த நேரத்தில் சிறு படகுகளில் வரும் வியாபாரிகள், மேல்தளத்தில் நிற்பவர்களை நோக்கித் துணிகளைச் சுருட்டி எறிவார்கள். பிடித்திருந்தால் பணத்தைப் பையில் போட்டுக் கீழே எறியலாம். பிடிக்காவிட்டால் துணியையே திருப்பி எறியலாம். அறிமுகமற்ற இருவருக்கிடையே ரசீதும் பிணையும் இல்லாமல் நடக்கும் அந்த வணிகத்தை என் மகன் ஒரு மணி நேரம் நின்று பார்த்தான்.

எட்ஃபூவில் ஹோரஸ் கோயில். கி.மு. 237இல் தொடங்கி கி.மு. 57 வரை, 180 ஆண்டுகள் கட்டப்பட்டது. கோம் ஓம்போவில் கப்பலிலிருந்து இறங்கினால் நடந்துபோகும் தொலைவிலேயே முதலைத் தெய்வத்துக்கும் பருந்துத் தெய்வத்துக்கும் பொதுவாக எழுப்பிய இரட்டைக் கோயில். அருகிலேயே பதப்படுத்திய முதலைகளைக் காட்டும் அருங்காட்சியகம். அஸ்வானில் ஃபிலே கோயில். அணைகளால் நீரில் மூழ்கிக்கொண்டிருந்த அக்கோயிலை 1970களில் யுனெஸ்கோவின் முயற்சியால் கல் கல்லாகப் பெயர்த்து அருகிலுள்ள தீவில் மீண்டும் அமைத்தார்கள்.

மாலைகளில் மேல்தளத்தில் அமர்ந்திருப்போம். இருமருங்கும் பேரீச்சை மரங்கள், கரும்புத் தோட்டம், அதற்கு அப்பால் உடனே பாலைவனம். தேய்மானம் கப்பலுக்குத்தான்; அந்தக் காட்சிக்கு இல்லை. சைவ உணவினருக்கும் பட்டினியில்லை. அரிசி, பருப்பு, மக்ரோனி கலந்த ‘கொஷரி’, அவரை இனப் பயறில் செய்யும் வடை போன்ற ‘தாமியா’, பருப்பு ரசம் ஆகியவை அன்றாட உணவு.

ஒரு பழைய கடன் பத்திரம்

லக்ஸருக்கு வடக்கே இதே நதிக்கரையில் கிஃப்த் என்றோர் ஊர் உண்டு. பண்டைக் காலத்தில் அதன் பெயர் கோப்டோஸ். சேர நாட்டு முசிறியிலிருந்து சென்ற சரக்குகள் செங்கடல் துறையில் இறங்கி, ஒட்டகங்களில் பாலைவனத்தைக் கடந்து, கோப்டோஸில் நைல் நதியை அடைந்து, படகில் அலெக்சாந்திரியா சென்றன. இதற்குச் சான்றாக ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒன்று இருக்கிறது. அது ஒரு கடன் பத்திரம். பாலைவனத்தில் சரக்கை யார் பொறுப்பில் அனுப்புவது, கோப்டோஸ் சுங்கக் கிடங்கில் யாருடைய முத்திரையின் கீழ் வைப்பது, கடன் திரும்பாவிட்டால் சரக்கு யாருக்கு உரியது என்பனவெல்லாம் அதில் எழுதப்பட்டுள்ளன. ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன் இவ்வழியில் பணம் போட்டவர்கள், ஒவ்வொரு கட்டத்துக்கும் பொறுப்பாளர் யார் என்று எழுத்தில் வாங்கியிருக்கிறார்கள். நான் வாங்கவில்லை.

நீங்கள் வாங்க வேண்டியவை இவை. கப்பலின் பெயர், அது மாறினால் எந்தத் தரத்துக்குக் குறையக்கூடாது, குறைந்தால் எவ்வளவு பணம் திரும்பும் என்னும் உறுதி. எந்தத் தளம், எந்தப் பகுதி அறை என்பது. நடுப்பகுதி அறையில் எஞ்சின் அதிர்வு குறைவு. லிஃப்ட் உண்டா, மருத்துவ உதவி எவ்வாறு என்பது. நுழைவுக் கட்டணம், குடிநீர், பணியாளருக்கான அன்பளிப்பு, அபு சிம்பெல் பயணம் ஆகியவற்றில் எவை கட்டணத்தில் அடங்கும் என்பது. குறைந்த கட்டணத்தில் பல வேளைகளில் இவை அடங்குவதில்லை. கூட்டிப் பார்த்தால் ‘பாதி’ என்பது முக்காலாகிவிடும். ஏறியவுடன் அறையில் உயிர்காப்பு உடைகள் இருக்கின்றனவா, புகை உணர்வி உண்டா, அவசர வழி எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இவற்றில் குறை கண்டால் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள்.

பணத்தை எப்படி ஏற்பாடு செய்வது?

பயணத்துக்காக நிரந்தர வைப்பை முடிக்க வேண்டிய கட்டாயமில்லை. ஓராண்டு முன்பே திட்டமிட்டால் தொடர் வைப்பு போதும்: மாதம் ரூ.10,000 வீதம் 24 மாதங்களில் ரூ.2,40,000 அசலும் அதன் வட்டியும் சேரும். 12 மாதமானால் அதில் பாதி. அவசரமெனில் வைப்பின்மீது கடன் பெறலாம். வைப்பு வட்டியைவிடச் சற்றே கூடுதல் வட்டிதான். விடுமுறைக்காகத் தனிநபர் கடன் வாங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை.

வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பு வாங்கும்போது, டி.சி.எஸ். எனப்படும் மூலத்தில் வசூலிக்கும் வரியை முகவர் வசூலிப்பார். அது இழப்பன்று, உங்கள் பான் எண்ணில் வரவாகும், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது ஈடுசெய்யவோ திரும்பப் பெறவோ இயலும். நடப்பு விகிதத்தைக் கிளையில் கேட்டறிந்து அத்தொகையையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

எகிப்தின் பவுண்டு 2024 மார்ச்சில் சந்தை விலைக்கு விடப்பட்டபோது, டாலருக்கு சுமார் 31 என்பதிலிருந்து 50 அளவுக்குச் சரிந்தது. ஆகவே அந்நாட்டுப் பணத்தை இங்கிருந்தே மொத்தமாகத் திரட்டிச் செல்ல வேண்டாம். டாலர் செலாவணி அட்டையும் கொஞ்சம் சில்லறை டாலரும் எடுத்துச் சென்று, தேவைக்கேற்ப அங்கே மாற்றிக்கொள்ளலாம். கடையில் அட்டையைத் தேய்க்கும்போது ‘ரூபாயில் செலுத்தவா?’ என்று இயந்திரம் கேட்டால் மறுத்துவிடுங்கள். அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்குப் பாதகமாகவே இருக்கும். பயணக் காப்பீட்டில் வயது வரம்பையும், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான விதியையும் வரிவரியாகப் படியுங்கள். சிக்கனத்துக்கு இடமில்லாத ஒரே செலவு இதுதான்.

அந்தத் தம்பதியர்

ஊர் திரும்பிய பிறகு நானே அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். பழைய கப்பலில் போகலாம் என்றேன். ஆனால் அம்மையாரின் முழங்கால் வலியைக் கேட்டறிந்து, லிஃப்ட் இல்லாவிட்டாலும் வரவேற்புக் கூடம் இருக்கும் தளத்திலேயே நடுப்பகுதி அறையை எழுத்தில் உறுதி செய்துகொண்டு, குளிர்காலத் தொடக்கத்தில் போகச் சொன்னேன். இம்முறை வைப்பை முடிக்கவில்லை. அதன்மீது சிறு கடன் மட்டும் பெற்றார்.

அந்த நவம்பரில் போய் வந்தார்கள். அஸ்வான் சந்தையில் வாங்கிய உலர்ந்த செம்பருத்திப் பூப் பொட்டலம் ஒன்றை என் மேசைமீது வைத்து, “குளியலறைக் குழாய் நான்கு நாளும் சொட்டிக்கொண்டே இருந்தது, சார்” என்றார் கணவர். அம்மையார் சிரித்தார். “அதை இவர்தான் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மேல்தளத்தில் இருந்தேன். கரும்பலகையில் நைலை எப்போதும் நீலச் சுண்ணக்கட்டியால் வரைவேன். இரண்டு பக்கமும் பச்சையால் தீட்டியிருக்க வேண்டும் என்று இப்போதுதான் தெரிகிறது” என்றார்.

கடன் தவணையில் மூன்றை முன்கூட்டியே செலுத்திவிட்டு இருவரும் கிளம்பினார்கள்.