மென்பொருளாக்கமும் காலவெல்லையும்

வீடு கட்டுவோர், கல் எத்துணை, மரம் எத்துணை, நாள் எத்துணை என முன்னரே ஒருவாறு கணக்கிட்டுக் கூறவல்லர். பன்முறை கட்டிப் பழகிய வீட்டையே அவர்கள் மீண்டுங் கட்டுகின்றனர். கணினிக்குரிய மென்பொருளை ஆக்குவோர் நிலை அத்தகையதன்று. முன் ஆக்கிய மென்பொருளைப் படியெடுத்தாலே போதுமாதலின், அவர் புதிதாகக் கையிலெடுக்கும் வேலை ஒவ்வொன்றும் முன் செய்திராத கூறுடையதாகவே இருக்கும். அதன்கண் மறைந்துகிடக்கும் இடர்கள் வேலை தொடங்கிய பின்னரே வெளிப்படுகின்றன. மூன்று மாதத்தில் முடியுமென எண்ணியது ஓராண்டாகியும் முடியாதிருத்தல் இத்தொழிலில் அரிதன்று. பெருநிறுவனங்கள் இவ்விழப்பைத் தாங்கலாம். சிறு நிறுவனமோ அதனால் அழிந்தொழிதலுங் கூடும். இவ்விடரைச் சிறு நிறுவனமொன்று எதிர்கொண்ட முறையை ஈண்டு நோக்குவாம்.

ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 1999 ஆம் ஆண்டு தோன்றிய 37 சிக்னல்ஸ் என்னும் நிறுவனம், தொடக்கத்திற் பிறர்க்கு இணையத்தளங்களை வடிவமைத்துக் கொடுத்து வந்தது. தன் வேலைகளை ஒழுங்குபடுத்தும்பொருட்டு ஆக்கிக்கொண்ட பேஸ்காம்ப் என்னும் மென்பொருளை 2004 ஆம் ஆண்டு பிறர்க்கும் உரியதாக வெளியிட்டது. அதன் நிரல்களை எழுதியவர் டென்மார்க்கைச் சேர்ந்த டேவிட் ஹைனமயர் ஹான்சன் ஆவர். வாரத்திற் பத்து மணி நேரமளவே அவர் அதற்குச் செலவிட முடிந்தது. எனவே இன்றியமையாதவை மட்டுமே அதில் இடம்பெற்றன. ஒரே வகை நிரலை மீண்டும் மீண்டும் எழுதாதிருத்தற்கு அவர் அமைத்த சட்டகம், ரூபி ஒன் ரெயில்ஸ் என்னும் பெயரால் அவ்வாண்டிலேயே யாவர்க்கும் இலவசமாக வழங்கப்பட்டது. கிட்ஹப், ஷொப்பிஃபை முதலிய பெருந்தளங்களும் பின்னர் அதன்மீதே எழுந்தன.

நிறுவனம் வளர்ந்த பின்னரும் இவ்வொழுங்கு கைவிடப்படவில்லை. அங்குக் கையாளப்பட்ட முறையை ரயன் சிங்கர் என்பார் 2019 இல் வெளியான ஷேப் அப் என்னும் நூலில் விரித்துரைத்தார். இவ்வேலைக்கு எவ்வளவு காலம் வேண்டும் என்பது பிறர் வினா. இவ்வேலை எவ்வளவு காலத்திற்குத் தகுதியுடையது என்பது இவர்கள் வினா. பெரிய வேலைக்கு ஆறு வாரம் எல்லையாகும். வடிவமைப்பாளர் ஒருவரும் நிரலாளர் ஒருவரோ இருவரோ அதனை ஏற்பர். காலம் மாறாது, வேலையின் அளவே சுருங்கும். எதனை விடுவதென்று முடிவுசெய்யும் உரிமை அக்குழுவினர்க்கே உண்டு. எல்லைக்குள் முடியாத வேலைக்குப் பொதுவாகத் தவணை நீட்டப்படுவதில்லை. ஒவ்வொரு சுற்றின் பின்னும் இரு வாரம், பிழைதிருத்தற்கும் அடுத்ததைச் சிந்தித்தற்குமென விடப்படும்.

இம்முறையின் இயல்பை உதாரணமொன்று விளக்கும். பேஸ்காம்பில் நாட்காட்டி வேண்டுமென வாடிக்கையாளர் பலர் கேட்டனர். முழுமையான நாட்காட்டியை ஆக்க ஆறு மாதமளவு செல்லும். கேட்டவருள் ஒரு பெண்மணியிடம், அத்தேவை எப்பொழுது எழுந்தது என நிறுவனத்தார் வினவினர். அவர் அலுவலகத்திற் கூட்ட அறையின் ஒதுக்கீடுகள் சுவரிலிருந்த நாட்காட்டியிற் குறிக்கப்படுவன. வீட்டிலிருந்த அவர், வெற்றிடம் உண்டோ எனப் பார்க்கவே நெரிசல்மிக்க வீதியில் அலுவலகம் வரை சென்றார், சென்றும் இடமில்லை. ஆதலின் அவர்க்கு வேண்டியது வெற்று நாட்களைக் காணும் வழியொன்றே என்பது புலனாயிற்று. இரு மாதங்களை அருகருகே காட்டி, நிகழ்ச்சியுள்ள நாட்களைப் புள்ளியாற் குறிக்கும் எளிய அமைப்பு ஆறு வாரத்துள் உருவாயிற்று. கேட்டதை அப்படியே செய்யாது, கேட்டதற்குக் காரணமானதைத் தேடியமையே காலத்தை மிச்சப்படுத்தியது.

கைத்தொலைபேசி மென்பொருளிலும் இதே நெறி காணப்படும். ஐபோனுக்கு ஒரு மொழியிலும் அண்ட்ரோய்டுக்கு வேறொரு மொழியிலும் நிரல் எழுதுதல் வழக்கம். இணையத்தளத்தையுஞ் சேர்த்தால் ஒரே செயலை மும்முறை எழுத நேரும். இந்நிறுவனமோ, தளத்திற்கென ஆக்கிய பக்கங்களையே கைத்தொலைபேசிச் செயலியினுள்ளுங் காட்டி, இன்றியமையாத சில பகுதிகளை மட்டும் தனியே எழுதுகின்றது. தளத்திற் செய்த திருத்தம் மூவிடத்தும் உடனே பயன்தருகின்றது. எனினும் இணைய இணைப்புத் தளர்ந்தவிடத்து இத்தகைய பக்கங்கள் தாமதித்தல் இதன் குறையாகும்.

இம்முறை எங்கும் பொருந்துமெனல் தவறு. விமானத்தை இயக்கும் மென்பொருளிலோ நோயாளிக்கு மருந்தளவைக் கணிக்கும் மென்பொருளிலோ, காலம் போதவில்லையெனக் காப்புக்குரிய கூறொன்றை விட்டுவிடல் ஆகாது. ஆங்குக் காலமே நீளல்வேண்டும். நாடோறும் திருத்தக்கூடிய மென்பொருளை ஆக்கும் சிறு குழுவினர்க்கோ, செய்யாது விடத்தக்கது எதுவென முதலில் அறிதலே கைம்முதலாகும்.