சீம்பாலைக் கொட்டாதீர்கள்!
தாய்க்குத் தாய் அதன் சத்து மாறுமா?

பசு கன்று போட்டதும் சீம்பால் கறப்பார்கள். வெல்லம் போட்டு வேக வைப்பார்கள். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்து அனுப்புவார்கள்.

மாட்டின் சீம்பாலுக்கு அவ்வளவு மதிப்பு! பெற்ற தாயின் சீம்பாலுக்கு?

"மஞ்சளாக இருக்கிறது; பிள்ளைக்கு ஆகாது" என்று அதைப் பீய்ச்சிக் கொட்டும் வழக்கம் நம் ஊர்களில் நெடுங்காலம் இருந்தது. சில வீடுகளில் இன்றும் இருக்கிறது. அதற்குப் பதிலாகச் சர்க்கரைத் தண்ணீரைக் குழந்தையின் நாக்கில் வைப்பார்கள். அதற்குச் "சேனை வைத்தல்" என்று பெயர்.

இது பெரும் தவறு என்கிறார்கள் டாக்டர்கள்.

மஞ்சள் நிறம் ஏன்?

பிரசவம் ஆன முதல் சில நாட்கள் சுரப்பதே சீம்பால். கேரட்டுக்கு நிறம் கொடுக்கும் சத்து இதிலும் இருக்கிறது. அதனால்தான் மஞ்சள் நிறம். அந்தச் சத்து உடலில் வைட்டமின் ஏ ஆக மாறுகிறது.

முதல் நாளில் சில கரண்டி அளவுதான் சுரக்கும். அதுவே குழந்தைக்குப் போதும். பின்னால் வரும் பாலைவிட இதில் புரதம் சுமார் இரண்டு மடங்கு. கொழுப்பும் சர்க்கரையும் குறைவு.

இதில் இன்னொரு அதிசயமும் உண்டு. தாய் எந்தக் கிருமிகளோடு போராடினாளோ, அந்தக் கிருமிகளைத் தடுக்கும் பொருள்கள் சீம்பாலில் இறங்குகின்றன. தாய் வாழும் வீட்டில்தானே பிள்ளையும் வளரப்போகிறது! அந்த வீட்டுக்கு ஏற்ற காவல் அது.

எல்லாத் தாய்க்கும் ஒன்றுதானா?

இல்லை. தாயின் நிலையைப் பொறுத்துச் சில வித்தியாசங்கள் உண்டு.

குறை மாதத்தில் பெற்ற தாயின் பாலில், முதல் சில வாரங்கள் புரதம் அதிகமாக இருக்கும். எடை குறைந்த பிள்ளைக்கு வேண்டியதும் அதுவே.

தலைப் பிரசவம், ஆபரேஷன் பிரசவம், நீரிழிவு, அதிகப் பருமன் ஆகியவை இருந்தால் பால் பெருகச் சற்றுத் தாமதம் ஆகலாம். "எனக்குப் பாலே இல்லை" என்று அந்தத் தாய் கலங்க வேண்டாம். அடிக்கடி மார்பில் போட்டால் பால் பெருகும்.

ஏழைத் தாயின் பால்

வறுமையில் வாடும் தாயின் பால் சத்தற்றதா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடியவர் சேலத்தில் 1918-ல் பிறந்த டாக்டர் சி. கோபாலன். அவர் வேலை பார்த்த சத்துணவு ஆராய்ச்சிக் கூடம் முதலில் நீலகிரி மாவட்டம் குன்னூரில் இருந்தது. 1958-ல் ஐதராபாத்துக்கு மாறியது.

ஏழைத் தாய்மாரின் பாலை 1950-களில் அவரும் உடன் பணிபுரிந்தவர்களும் சோதித்தார்கள். முடிவு வியப்பாக இருந்தது. புரதம் அநேகமாகக் குறையவே இல்லை! ஆனால் சில வைட்டமின்கள் குறைவாக இருந்தன.

காரணம் என்ன? தாயின் உடல் தன் சேமிப்பை எடுத்துப் பிள்ளைக்குக் கொடுக்கிறது. சுண்ணாம்புச் சத்தைத் தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கிறது. வைட்டமின் ஏ, பி வகைகள், அயோடின் ஆகியவை அப்படி அல்ல. அவை தாயின் உடலில் குறைந்தால் பாலிலும் குறையும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸ் நாட்டில் ஒரு கொடுமை நடந்தது. தீட்டி வெளுத்த அரிசியையே தாய்மார் பெரும்பாலும் உண்டார்கள். அவர்கள் பாலில் போதிய வைட்டமின் பி1 இல்லை. பால் குடித்த பிள்ளைகள் பெரிபெரி நோயால் மடிந்தன. அரிசித் தவிட்டிலிருந்து எடுத்த மருந்துதான் பல பிள்ளைகளைக் காப்பாற்றியது.

ஆகவே பிள்ளை பெற்றவளைப் பத்தியம் என்று பட்டினி போடாதீர்கள். கீரை, பருப்பு, முட்டை, மீன், பால், பழம் கொடுங்கள். வீட்டுச் சமையலுக்கு அயோடின் கலந்த உப்பு வாங்குங்கள்.

முதல் மணி நேரம்

ஆப்பிரிக்காவில் உள்ள கானா நாட்டுக் கிராமங்களில் சுமார் 11,000 குழந்தைகளைக் கவனித்தார்கள். முடிவு 2006-ல் வெளியாயிற்று. எல்லாக் குழந்தைகளுக்கும் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுத்தால், முதல் மாதச் சாவுகளில் 100-க்கு 22-ஐத் தடுக்கலாம் என்று அதில் தெரிந்தது.

உலக சுகாதார நிறுவனமும் இதையே சொல்கிறது: முதல் மணி நேரத்திலேயே தாய்ப்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். தாய்க்கு நோய் இருந்தாலோ, மருந்து சாப்பிட்டாலோ டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தாய் ஏழையோ, பணக்காரியோ, மெலிந்தவளோ, பருத்தவளோ, அவள் பிள்ளைக்கு அவள் சீம்பாலே முதல் உணவு. காசு கொடுத்தாலும் கடையில் கிடைக்காது.

பாட்டிமார்களே! சேனைக் கிண்ணத்தை எடுத்து வையுங்கள். பிள்ளையைத் தாயின் மார்பில் போடுங்கள்!