தஞ்சைப் பெருங்கோயில் முப்புர ஓவியத்தில் அழுகை மெய்ப்பாடு

போரைப் பாடிய புலவர்களைப் பற்றித் தமிழில் ஆராய்ச்சி மிகுதி. புறத்திணை இலக்கியமும் பரணியும் மெய்க்கீர்த்தியும் அறிஞர் பலரால் பலவாறு ஆராயப்பட்டுள்ளன. போரைத் தீட்டிய ஓவியரைப் பற்றிய ஆராய்ச்சியோ அத்துணை வளரவில்லை. ஓவியம் எளிதில் அழியும் பொருளாதலும், தீட்டினோர் பெயர் கிட்டாமையும் இதற்குக் காரணங்களாகலாம். எனினும், சோழ நாட்டு ஓவியர் போரையும் அதனால் மாந்தர்க்கு விளையும் துயரையும் எங்ஙனம் நோக்கினர் என்பதை அறிதற்குத் தக்கதொரு சான்று தஞ்சை இராசராசேச்சரத்தின் உட்சுற்றில் உள்ளது. சிவபெருமான் முப்புரம் எரிக்கும் காட்சியே அது. அக்காட்சியைக் கோயிற் கல்வெட்டோடும் சிற்பத்தோடும் ஒப்புநோக்கி, தொல்காப்பிய மெய்ப்பாட்டு நெறிகொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கோயிலும் போர்ப்பொருளும்

இராசராசேச்சரம் முதலாம் இராசராசனின் (985–1014) வெற்றிகளோடு பிரிக்கவொண்ணாத் தொடர்புடையது. தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், அஃதாவது கி.பி. 1010இல், விமானத்தின் உச்சியில் வைத்தற்குரிய பொன் வேய்ந்த செப்புக்குடத்தை அவன் அளித்தமையைக் கல்வெட்டுக் கூறுகின்றது. மலைநாட்டில் சேரனையும் பாண்டியரையும் வென்று கொணர்ந்த பண்டாரத்தினின்றும் செய்தளித்த அணிகலன்களும் பொன் வெள்ளிக் கலங்களும் கோயிற் சுவரில் எடையோடு பொறிக்கப்பட்டுள்ளன. சோழ மண்டலத்து ஊர்களோடு ஈழமண்டலத்து ஊர்கள் சிலவும் இக்கோயிலுக்கு வருவாய் தரவேண்டியனவாகக் குறிக்கப்பட்டுள்ளன. எனவே, காவிரி நாட்டு உழவர் விளைத்த நெல்லும், பிறநாட்டுக் களங்களில் வீரர் கொண்ட பொருளும் இக்கோயிலை ஒருங்கு வளர்த்தன எனலாம்.

இவ்வெற்றிகளைத் தோற்றோர் எவ்வாறு கண்டனர் என்பதற்குங் கல்வெட்டுச் சான்று உண்டு. கருநாடகத்துத் தார்வாடப் பகுதியைச் சார்ந்த ஒட்டூரில் உள்ள 1007ஆம் ஆண்டைய சாளுக்கியக் கல்வெட்டு, ஒன்பது இலக்கம் படையொடு வந்த சோழன் நாட்டைப் பாழ்படுத்தி, பெண்டிரையும் குழவியரையும் அந்தணரையும் கொன்றான் எனக் குற்றஞ்சாட்டுகின்றது. பகைவர் கூற்றாதலின் இதில் மிகையுண்டு எனக் கொள்ளுதலே முறை. ஆயினும், அக்காலப் போர் களத்தில் நின்ற வீரரோடு முடிந்துவிடவில்லை என்பதை இது காட்டுகின்றது. பகைவர் நாட்டை எரியூட்டலை உழபுல வஞ்சியென்றும், கொள்ளையிடலை மழபுல வஞ்சியென்றும் புறப்பொருள் வெண்பாமாலை துறைவகுத்திருத்தலும் ஈண்டு நினைக்கத்தகும்.

தோற்றோர் மகளிர் நிலை தனித்து நோக்கற்குரியது. அரண்மனைப் பணிமகளிர் வாழ்ந்த வேளங்கள் பல தஞ்சையில் இருந்தமை கல்வெட்டுகளால் அறியப்படும். போரில் சிறைப்பட்ட மகளிரை அவற்றுள் சேர்த்தலும் வழக்கமாயிருந்தது. பாண்டியன் தேவியை வேளம் ஏற்றியதனை மூன்றாங் குலோத்துங்கனின் மெய்க்கீர்த்தி அவன் புகழ்களுள் ஒன்றாகவே எடுத்துரைக்கின்றது. மெய்க்கீர்த்தியில் அப்பெண் கொள்ளைப் பொருள்களுள் ஒன்றாய் நிற்கின்றாள்; அவளுக்கு முகமில்லை.

2. உட்சுற்று ஓவியம்

கருவறையைச் சூழ்ந்த இரு சுவர்களுக்கு இடைப்பட்ட இருண்ட உட்சுற்றில் சோழர் கால ஓவியங்கள் இருத்தலை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து வரலாற்றறிஞர் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். நாயக்கர் காலத்து ஓவியப் பூச்சு உதிர்ந்த இடங்களில் அதன் அடியிலிருந்த பழைய ஓவியம் வெளிப்பட்டது. பின்னர் இந்தியத் தொல்லியல் துறையினர் நாயக்கர் கால ஓவியங்களையும் சிதையாது பெயர்த்தெடுத்துத் தனிப் பலகைகளிற் பதித்துக் காத்தனர்.

சுந்தரர் வரலாறும், தில்லைக் கூத்தன் வழிபாடும், ஆலமர் கடவுளும் பிறவும் இங்குத் தீட்டப்பெற்றுள்ளன. அவற்றுள் பெருமிதம் மிக்கது முப்புரக் காட்சி. பிரமன் செலுத்தும் தேரின்மீது சிவபெருமான் கைகள் பலவற்றிலும் படைக்கலம் ஏந்தி, வில்லொடு போர்நிலையில் பேருருவாக நிற்கின்றான். விநாயகனும் முருகனும் காளியும் தத்தம் ஊர்திகளில் உடன் வருகின்றனர். எதிரே அவுணர் கூட்டம் சினந்த விழியும் ஓங்கிய படையுமாய் நெருங்கி நிற்கின்றது. அக்கூட்டத்தின் நடுவே அவுண மகளிரையும் ஓவியன் தீட்டியுள்ளான். அவர்கள் அச்சமும் துயரமும் மேலிடத் தம் கணவரைப் பற்றிக்கொண்டுள்ளனர்.

இவ்வோவியங்களின் காரையையும் வண்ணத்தையும் 1930களில் ஆய்ந்த சென்னை அரசு அருங்காட்சியக வேதியியலறிஞர் எஸ். பரமசிவன், ஈரச் சுண்ணச் சாந்து உலருமுன் தீட்டும் முறையில் இவை வரையப்பட்டன என்று கருதினார். அம்முறையில் வரைவோன் தயங்கி நிற்றற்கு இடமில்லை. எண்ணியதை முன்னரே உறுதிசெய்துகொண்டு தீட்டவேண்டும். ஆதலின், மகளிர் உருவங்கள் இடம் நிரப்புதற்குப் பின்னர்ச் சேர்க்கப்பட்டவை எனல் பொருந்தாது. காட்சியை வகுத்தபோதே அவர்களுக்கு இடம் வகுக்கப்பட்டது என்க.

இதனைக் கோயிற் சிற்பத்தொடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். விமானத்தின் புறச்சுவரில் மேல்வரிசை மாடங்களிலும் முப்புரம் எரித்த மூர்த்தியே திரும்பத் திரும்ப நிற்கின்றான். வென்றடிபடுத்த வேந்தன் இவ்வடிவத்தைச் சிறப்பாக விரும்பினான் என்று அறிஞர் சி. சிவராமமூர்த்தி கருதியது ஏற்புடைத்தே. ஆனால், அம்மாடங்களில் வில்லேந்திய வீரன் உளன். பகைவரும் அவர்தம் மகளிரும் இலர். வெயிலில் யாவரும் காணும் கல்லெழுத்து வெற்றிப்பொருளை எண்ணிக் காட்டுகின்றது. கற்சிற்பம் வென்றவனைக் காட்டுகின்றது. விளக்கொளியில் மிகச் சிலரே கண்டிருக்கக்கூடிய உட்சுற்று ஓவியம் ஒன்றே தோற்பவர் முகத்தையும் காட்டுகின்றது. மாடத்தின் அளவு ஓருருவுக்கே இடந்தரும் என்பதும், அகன்ற சுவர் ஒரு கூட்டத்திற்கே இடந்தரும் என்பதும் உண்மையே. எனினும், அவ்வகன்ற இடத்தை அவுண வீரரைக் கொண்டு மட்டும் நிரப்பியிருத்தல் கூடும். ஓவியன் அவ்வாறு செய்திலன்.

3. மெய்ப்பாட்டு நோக்கு

தொல்காப்பியர் வகுத்த எண்வகை மெய்ப்பாட்டுள் நான்கு இக்காட்சியில் ஒருங்கே தோன்றுகின்றன. இறைவன்பால் பெருமிதமும் வெகுளியும், அவுண மகளிர்பால் அச்சமும் அழுகையும் காணப்படும். வெகுளி பிறத்தற்குரிய நிலைக்களங்களுள் குடிகோள் என்பது ஒன்று; அது கீழ்வாழும் குடிகளை நலிதல். பறந்து திரியும் மூன்று கோட்டைகளால் உலகை நலிந்தனர் அவுணர் என்பது புராணம். ஆதலின் இறைவன் வெகுளிக்குக் குடிகோள் காரணமாயிற்று. அழுகையின் நிலைக்களங்களுள் இழவு ஒன்று. அது தந்தையும் தாயும் கணவனும் போன்றாரை இழத்தல். அவுண மகளிர் இழக்கவிருக்கும் நிலையில் நிற்கின்றனர். குடிகளின் பொருட்டு எழுந்த வெகுளியே வேறு சில குடிகளின் இழவில் முடிகின்றது என்னும் போரின் இயல்பு ஒரே சுவரில் இங்ஙனம் வெளிப்படுகின்றது.

அழுகையைப் பற்றிப் பேராசிரியர் கூறும் விளக்கம் இங்குப் பெரிதும் பயன்படுவது. தானே துயருறுதலும், பிறர் துயர் கண்டு துயருறுதலும் என அவர் அதனை இருவகைப்படுத்தி, அவலம், கருணை என்னும் பெயர்களாற் சுட்டுவர். அவுண மகளிர் உற்றது அவலம். அதனைக் கண்டு தீட்டியவன்பாலும், நின்று காண்போர்பாலும் பிறப்பது கருணை. வென்ற பக்கத்து வேந்தனுக்கு ஊழியம் செய்தவன், பகைவர் மனைவியரின் அவலத்தை இகழ்ச்சியின்றித் தீட்டியதே இவ்வோவியத்தின் தனிச்சிறப்பாகும்.

இதனால் இராசராசன் தன் போர்களுக்கு வருந்தினான் என்றோ, ஓவியன் அரசனை மறைமுகமாகக் கடிந்தான் என்றோ கொள்ளுதல் சான்றின்பாற்படாது. சான்று காட்டுவது இவ்வளவே: போர்க்காட்சி நிறைவுற வேண்டுமாயின் தோற்றோர் துயரும் அதில் இடம்பெறல் வேண்டும் என்பது அவ்வோவியன் கொண்ட கலைநெறி. அந்நெறி தமிழுக்குப் புதியதன்று. வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை எனப் போரை வகுத்த தொல்காப்பியரே, கணவனை இழந்தாளின் முதுபாலையையும் தாபத நிலையையும் கையறுநிலையையும் காஞ்சித் திணையில் வைத்துள்ளார். வாகைக்கு அடுத்துக் காஞ்சி வருதல் போன்று, தேர்மீது நின்ற வீரனுக்கு எதிரே அழும் மகளிர் வருகின்றனர்.

4. காவிரி நாட்டு முப்புர மரபு

முப்புரக் கதையைக் காவிரி நாட்டார் வெறும் அழிவுக் கதையாக மட்டும் வழங்கவில்லை. முப்புரம் எரிந்தபோது மூவர் உய்ந்தனர் என்றும், அவருள் இருவர் கோயில் வாயில் காவலராயினர் என்றும், ஒருவர் இறைவன் ஆடும்போது முழவு முழக்கும் பேறு பெற்றார் என்றும் சுந்தரர் தம் திருப்புன்கூர்ப் பதிகத்தில் கூறுகின்றார். திருமூலரோ முப்புரத்தை மும்மலத்தின் காரியமாகப் பொருள்கொண்டார். பகைவருள்ளும் அருளுக்குரியார் உளர் என்னும் கருத்து இராசராசனுக்கு முன்னரே இந்நாட்டுக் கோயில்தோறும் ஓதப்பட்டு வந்தது. அம்மரபில் வந்த ஓவியனுக்கு அவுணர் மனையாரின் கண்ணீர் புலப்பட்டதில் வியப்பில்லை.

5. பிற நாட்டு ஓவியரும் விளார் முற்றமும்

அவலமும் கருணையும் என்னும் இப்பாகுபாடு பிற நாட்டு ஓவியங்களை ஆராய்தற்கும் பொருந்தும். நெப்போலியன் படை 1808இல் ஸ்பெயினுட் புகுந்தபின் நிகழ்ந்த கொடுமைகளை அந்நாட்டு அரசவை ஓவியர் கோயா செதுக்கோவியத் தொகுதியொன்றாக வரைந்தார். அத்தொகுதி அவர் இறந்து 35 ஆண்டுகளுக்குப்பின், 1863இல்தான் வெளிவந்தது. இரு பக்கத்தாரின் கொடுமையையும் அவர் மறைக்காது காட்டியமையின் அதனைக் கருணையின்பாற் சேர்க்கலாம். செருமானியக் கலைஞர் கேதே கோல்விட்ஸ் 1914இல் முதல் உலகப்போரில் தம் மகனை இழந்தார். மண்டியிட்டுத் துயருறும் தாய்தந்தையர் உருவங்களை அவர் 1932இல் பெல்ஜியத்துப் போர்வீரர் கல்லறையில் நிறுவினார். அது தானே உற்ற அவலம்.

அவலத்தின்பாற்பட்ட கலைப்படைப்பு தஞ்சையிலும் உண்டு. நகரையடுத்த விளாரில், பழ. நெடுமாறன் தலைமையிலான உலகத் தமிழர் பேரமைப்பு 2013 நவம்பரில் திறந்த முள்ளிவாய்க்கால் முற்றம் 2009இல் முடிவுற்ற ஈழப்போரில் மாண்டோர் நினைவுக்குரியது. அப்போரின் இறுதிக் கட்டத்தில் பொதுமக்கள் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என ஐக்கிய நாடுகள் பொதுச்செயலாளர் அமைத்த வல்லுநர் குழுவின் 2011ஆம் ஆண்டறிக்கை கூறியது. போரிற் சிக்கிய மக்களின் துயரைக் கற்சிற்பத் தொகுதியாக இம்முற்றத்தில் வடித்துள்ளனர். இங்கு வென்றவன் பேருருவம் இல்லை. மக்களே காட்சியின் நடுவில் உள்ளனர்.

யாழ்ப்பாணத்து ஓவியர் த. சனாதனன் மற்றொரு வழியை மேற்கொண்டார். இடம்பெயர்ந்தோர் தாம் இழந்த வீடுகளை நினைவிலிருந்து வரைந்துகாட்டிய தரைப்படங்களைத் தொகுத்து, 'முற்றுப்பெறாத் தோம்பு' எனப் பொருள்படும் பெயரில் 2011இல் நூலாக்கினார். தோம்பு என்பது நிலப் பதிவேடு. அந்நூலில் களமும் படையும் இல்லை. அறை, கிணறு, மரம் என எஞ்சிய நினைவே இழவைச் சொல்கின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றால், இராசராசேச்சரத்துக் கல்லெழுத்து கூறாததும் புறச்சுவர்ச் சிற்பம் காட்டாததுமாகிய தோற்றோர் துயரை உட்சுற்று ஓவியம் காட்டுகின்றது என்பதும், அதனைப் பேராசிரியர் கூறிய கருணையாகக் கொள்ளல் தகும் என்பதும் பெறப்படும். விளாரிலுள்ளது இழந்தோர் தமக்கென எழுப்பிய அவலத்தின் சுவர். பெருங்கோயிலுள் இருப்பது வென்றோர் இல்லத்தில் பிறர்க்கென எழுந்த கருணையின் சுவர். ஒரே ஊரின் இவ்விரு சுவர்களுக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகள் உள்ளன. சோழர் போர்களின் வரலாற்றை மெய்க்கீர்த்தி கொண்டே எழுதிவரும் நாம், அவ்வுட்சுற்று ஓவியத்தையும் ஒரு வரலாற்றுச் சான்றாக ஏற்றுப் பயிலுதல் வேண்டும். வேளம் ஏறிய பெண்டிர் பலரின் பெயர்கள் நமக்குக் கிட்டவில்லை. ஆயினும், அவர் முகம் எத்தகையதாய் இருந்திருக்கும் என்பதை அறிந்த ஓவியன் ஒருவன் தஞ்சையில் இருந்தான்.